நூற்றில் இரண்டு பேர்

செக்கப்புக்காக ஆண்டிமடத்திலிருந்து பெரம்பலூர் வந்த குழந்தைவேல், விஷயம் கேள்விப்பட்டதும் நேராக வார்டுக்கு ஓடினார். கட்டிலில் இருந்தவருக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"கழுத்து ரத்தக்குழாய்ல அடைப்பு. இன்னிக்கே ஸ்டென்ட் வைக்கணுங்கிறாங்க" என்றார் ஈனக்குரலில்.

"அதுக்கா இப்படிக் கலங்குறீங்க? எனக்கும் போன வருசம் அதேதானே? கை மரத்து, வாய் கோணிக் கெடந்தேன். இப்ப முந்திரிக் காட்ட நான்தான் பாத்துக்கிடுறேன்."

"வைக்கும்போது அடைப்புல துணுக்கு ஒண்ணு உடைஞ்சு மூளைக்குப் போயிட்டா?"

"அதப் புடிக்கத்தான் குடை மாதிரி ஒரு வடிகட்டிய முன்னாடியே விரிச்சுடுவாங்களே!"

"அப்படியும் நூத்துல ரெண்டு மூணு பேருக்கு பக்கவாதம் வருதே. அதுல ஒருத்தன் நானா இருந்தா?"

"மிச்சப் பேருல ஒருத்தர்னு நெனைங்க. சும்மா விட்டாத்தான், வாதம் எப்ப வருமோன்னு பயந்துக்கிட்டே இருக்கணும்."

நர்ஸ் வேணி ஸ்ட்ரெச்சரோடு வந்தாள். அவரோ குழந்தைவேலின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். தைரியமாப் போங்க" என்றார் குழந்தைவேல்.

"யாருங்க உங்களுக்கு அப்படிச் சொன்னது?"

"நீங்கதான், டாக்டர்! எனக்கு ஸ்டென்ட் வச்ச அன்னிக்கு, இதே வார்டுல நின்னு இதையெல்லாம் சொன்னீங்களே!"

டாக்டர் அறிவுச்செல்வன் ஸ்ட்ரெச்சரை ஓரக்கண்ணால் பார்த்தார். "அது... உங்க பயம் போகட்டும்னு சொன்னது. நானென்ன வச்சுக்கிட்டா பாத்தேன்?"

குழந்தைவேல் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நானும் அதுக்குத்தாங்க சொல்றேன்!"