லவுரெல் தெருவில் இரண்டு நாள்

“அந்தத் தட்டுல கை வைக்காத. அது என்னோடது” என்றாள் அராசெலி.

கொன்சாலோ கேட்கவில்லை. ரொட்டித் துண்டின்மேல் மூன்று காளான்களை அடுக்கி, உச்சியில் ஓர் இறாலோடு குச்சியில் குத்தியிருந்ததை அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பூண்டு எண்ணெய் மோவாயில் வழிந்தது.

“நாப்பது வயசு தாண்டியாச்சு. இன்னும் அக்கா தட்டுல திருடற.”

“இன்னும் ரெண்டு சொன்னா போச்சு” என்று கடைக்காரரைப் பார்த்து விரலைக் காட்டினான்.

ஸ்பெயினில் லோக்ரோன்யோ நகரத்து லவுரெல் தெருவில் ஒவ்வொரு கடைக்கும் ஒரே ஒரு பண்டம்தான் பேர்போனது. அதைத் தின்று, ஒரு சின்ன கிளாஸ் ஒயினைக் குடித்துவிட்டு அடுத்த கடைக்கு நகர வேண்டும். வியாழன் மத்தியானம் தங்கள் ஊரான சோரியாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதிலிருந்து அக்காவும் தம்பியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை அராசெலிக்கு ஆபரேஷன். அவர்கள் அம்மாவை ஐம்பத்திரண்டு வயதிலும், மாமாவை அதற்கு முன்பும் கொண்டுபோன வயிற்றுப் புற்றுநோய் பரம்பரையாக வருவது. மார்ச் மாதம் இருவரும் அதற்கான மரபணு இருக்கிறதா என்று பரிசோதனை செய்துகொண்டார்கள். அராசெலிக்கு இருந்தது. கொன்சாலோ தன் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்து, “எனக்கு ஒண்ணும் இல்ல” என்றான். நோய் தலைகாட்டும் முன்பே வயிற்றை முழுதாக எடுத்துவிட்டால் அவள் பிழைத்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் ஒரு வேளைக்கு நாலு ஸ்பூன். அதுவும் பார்த்துப் பார்த்து.

பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் இருபது வருஷமாகச் சமைப்பவள் அவள். “அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் ஊர் சுத்தித் தின்னுட்டு வரணும்” என்று அவள்தான் கிளம்பினாள்.

அடுத்த கடையில் உப்பில் ஊறிய நெத்திலி ஒன்றும் காடியில் ஊறியது ஒன்றும் ஒரே ரொட்டிக்குள் படுத்திருந்தன. அதற்கு அங்கே ‘கல்யாணம்’ என்று பெயர்.

“எங்களுக்கு ரெண்டு கல்யாணம் குடுங்க” என்றான் கொன்சாலோ.

“எனக்கு ஒண்ணே போதும்னு ஆச்சு. அஞ்சு வருஷத்துல முறிஞ்சுது” என்றாள் அராசெலி.

“இதுல கஷ்டம் கிடையாதும்மா. முள்ளை முன்னாடியே எடுத்துட்டோம்” என்றார் கடைக்காரர்.

அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். தம்பி சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தான். இரண்டாவது கல்யாணமும் முடிந்திருந்தது.

சாயங்காலம் பெரிய கோயிலுக்குப் போனார்கள். இரட்டைக் கோபுரத்தில் செங்கால் நாரைகள் கூடு கட்டியிருந்தன. அராசெலி ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். “நீயும் ஏத்து” என்றாள்.

“எனக்கு எதுக்கு? பசிக்குது, வா.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் சண்டை வந்தது. ஆட்டுக்குடல் வறுவல் கடை. முறுமுறுவென்று, எலுமிச்சை பிழிந்து. “இன்னிக்கு இதான் கடைசித் தட்டு” என்று வைத்துவிட்டுப் போனார்கள். அராசெலி இரண்டு துண்டு எடுப்பதற்குள் கொன்சாலோ தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு முக்கால்வாசியைக் காலிசெய்துவிட்டான்.

அவள் முள்கரண்டியைத் தட்டில் எறிந்தாள்.

“வாரத்துக்கு ரெண்டு தடவை லாரியில இந்த ஊரைத் தாண்டித்தான போற? நாளைக்கு நிறுத்தித் தின்னு. அடுத்த வருஷம் வந்து தின்னு. உன் வயிறு உன்கிட்டயே இருக்கு. எனக்கு இன்னிக்கோட சரி. கொஞ்சமாவது வெக்கமா இல்ல உனக்கு?”

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொன்சாலோ ரொட்டியால் தட்டைத் துடைத்து, அதையும் வாயில் போட்டுக்கொண்டான்.

“இல்ல” என்றான்.

அவள் விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள். அரைமணி கழித்து எப்ரோ ஆற்றின் இரும்புப் பாலத்தில் அவளைக் கண்டுபிடித்தான். ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அம்மா கடைசியில தண்ணியைக்கூட முழுங்க முடியாம கெடந்தாங்களே, ஞாபகம் இருக்கா?” என்றாள்.

“இருக்கு.”

“உனக்கு இல்லன்னு வந்து சொன்னியே, அன்னிக்கு ராத்திரி ரொம்ப அழுதேன். சந்தோஷத்துல அழுதேனா, பொறாமையில அழுதேனா, இப்பவும் தெரியல.”

“ரெண்டும்தான் இருக்கும்.”

“அடப்பாவி” என்றாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ நல்லா இருக்கங்கற தைரியத்துலதான்டா போய்ப் படுக்கறேன். நீ மட்டும் இல்லேன்னா அந்த மேசையில ஏறவே மாட்டேன். கடையில அப்படிப் பேசினதை மனசுல வச்சுக்காத.”

“நீ பேசறதை நான் என்னிக்கு மனசுல வச்சிருக்கேன்?”

நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தார்கள். வண்டி மலையேறத் தொடங்கியதுமே அராசெலி தம்பியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கொன்சாலோவின் பையில் போன் அதிர்ந்தது. அவள் தலை அசையாமல் எடுத்துக் காதில் வைத்தான்.

“சொல்லுங்க டாக்டர். திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கெல்லாம் அவளைக் கூட்டிட்டு வந்துடறேன்.”

மறுமுனையில் டாக்டர் நெடுநேரம் பேசினார். கொன்சாலோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

“தள்ளிப்போடறது ஆபத்துன்னு தெரியும் டாக்டர். ஆனா எனக்கும் இருக்குன்னு தெரிஞ்சா அவ படுக்கவே மாட்டா. முதல்ல அவ எழுந்து நடக்கட்டும், அப்புறம் என் வயித்தை எடுத்துக்குங்க.”