பூட்டிய பீரோவில் ஒரு பாடம்

வீட்டில் இருந்தது ஒரே ஒரு மலிவு டேப்லெட். தையல்காரம்மா அதைச் சின்ன மகளுக்கே படிக்கக் கொடுத்துவிட்டு, பெரியவளை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தித் தன் பக்கத்து மெஷினில் உட்காரவைத்தாள். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று மற்றவர்கள் பேசியதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இரவில் டேப்லெட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். ஆனாலும் காலையில் எடுத்தால் பெரியவள் பெயரில் ஒரு பாடம் முடிந்திருக்கும். இப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் ஓடுகிறது. திரையெங்கும் மெஷின் எண்ணெய் படிந்த விரல் தடங்கள்.

"ஏன்டி, நீ தொட்டியா?"

"சாவி உன் இடுப்புலதானேம்மா இருக்கு," என்றாள் பெரியவள், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மா வெட்டுத்துணியால் தடங்களைத் துடைத்தாள். அன்றிரவு பூட்டுவதற்கு முன், விடியும்வரை சார்ஜ் தாங்குமா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.