பத்தடிக் குழாய்

மத்தியான வெயிலில், புளியங்கூடலில் உள்ள சறோஜினிதேவியின் வெங்காயத் தோட்டத்துக் குழாய்க்கிணற்றிலிருந்து எரிந்துபோன மோட்டர் மேலே வருகிறது. பத்து வருசம் உழைக்கும் என்று சொல்லி விற்ற மோட்டர், மூன்றாம் வருசமே போய்விட்டது. மெக்கானிக் டிலோன் அதைக் கவிழ்க்க, அரைப்பிடி மணல் சாக்கில் கொட்டுகிறது. மோட்டரின் உடம்பெல்லாம் பூத்திருக்கும் வெள்ளை உப்பை அவள் நகத்தால் சுரண்டிப் பார்க்கிறாள். "உப்பும் மணலும் திண்டிட்டுது அக்கா. புதுசை இன்னும் பத்தடி கீழ இறக்குவம். ஊரில எல்லாரும் அப்பிடித்தான்." "அதாலதானே எல்லாற்ற கிணத்திலயும் இப்ப உப்புத்தண்ணி வருது? பத்தடி மேல கட்டும்." "மேல கட்டினால் அரை மணித்தியாலத்தில தண்ணி வத்திப்போம். தண்ணியில்லாமல் ஓடினால் சூடேறி இதுவும் எரியும்." "அதுக்கு முதல் நான் நிப்பாட்டுவன்." "அந்தக் கொஞ்சத் தண்ணி இவ்வளவு வெங்காயத்துக்கும் காணாது, அக்கா." "காணுற அளவுக்குத்தான் நடுவன்." அவள் டிலோனுடைய பையிலிருந்து குழாய் அறுக்கும் வாளை எடுக்கிறாள். மோட்டர் தொங்கிய கறுப்புக் குழாயைக் காலால் மிதித்துப் பிடித்து, பத்தடி அளந்த இடத்தில் அறுக்கத் தொடங்குகிறாள். வாளின் கிறீச்சொலியில் பனையிலிருந்த காகங்கள் எழும்பிப் பறக்கின்றன. கறுப்புத் தூள் அவளுடைய பாதத்தில் படிகிறது. துண்டு விழுந்ததும் அதை வேலிப்பக்கம் தள்ளிவிட்டு நிமிர்கிறாள். "இப்ப இறக்கும்."