நான்கு நிமிடம்

"லினக்ஸாம் லினக்ஸ். அதுல சீட்டுக்கட்டுகூட ஒழுங்காக் கலையாது."

பீன்ஸ் சூப்பில் ரொட்டியைத் தோய்த்தபடி வெலிசார் ஆரம்பித்துவிட்டான். ஐந்து வருஷமாக இதே பாட்டுதான். விளையாட்டு எதுவும் ஓடாது, ஓடினாலும் படம் வராது, படம் வந்தால் சத்தம் வராது.

மனைவி ரலிட்சாவுக்கு இந்தப் புலம்பல் தாலாட்டு மாதிரி. கேட்கக் கேட்க வயிற்றில் பால் வார்த்தது.

காரணம் இருந்தது. 'வடகோட்டை' என்ற விளையாட்டில் அவன் ராப்பகலாகக் கிடந்த காலம் ஒன்று உண்டு. அதில் வேலை போனது. ஒரு நாள் கொட்டும் பனியில் மகள் பள்ளிக்கூட வாசலில் மூன்று மணி நேரம் நின்றாள். கூட்டிவர வேண்டிய அப்பாவுக்குக் கோட்டையைப் பிடிக்கிற வேலை இருந்தது.

"இன்னொரு தடவை அதைத் தொட்டா நானும் பொண்ணும் வர்னாவுக்கு, எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவோம்" என்றாள் ரலிட்சா. சொன்னால் செய்கிறவள் என்று அவனுக்குத் தெரியும்.

அவளுடைய சித்தப்பா மகன் வந்து, கணினியில் இருந்த விண்டோஸை வழித்துப் போட்டுவிட்டு லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தை ஏற்றினான். "இதுல எந்த விளையாட்டும் ஓடாதுக்கா. பூட்டுப் போட்ட மாதிரி."

வெலிசார் தலையைக் குனிந்து கொண்டு, சரி என்றான். பிறகு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது. குடும்பம் மூச்சுவிட்டது.

பீன்ஸ் சூப் புலம்பலுக்கு மறுநாள் மத்தியானம் ரலிட்சா வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. உடன் வேலை பார்க்கும் பிளாமென் ஒரு சின்னக் கருவியைக் கையில் வைத்துத் தட்டிக் கொண்டிருந்தான். எங்கோ கேட்ட இசை.

"என்னடா விளையாட்டு அது?"

"வடகோட்டை, அக்கா."

"விண்டோஸா?"

"லினக்ஸ்."

ரலிட்சா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "லினக்ஸ்லதான் எதுவும் ஓடாதே?"

"எந்தக் காலத்துல இருக்கீங்க? ஆன்லைன் சண்டை விளையாட்டு சிலது மட்டும் உள்ளே விடாது. கள்ள ஆட்டம் பிடிக்கிற காவல் புரோகிராமுக்கு லினக்ஸைக் கண்டா ஆகாது. மத்தபடி விண்டோஸுக்குன்னு செஞ்சதெல்லாம் இங்க ஜம்முனு ஓடுது."

"எத்தனை நாளா?"

"வருஷக்கணக்கா. வடகோட்டையை முதல்ல ஓட வெச்சதே நம்ம ஊர்க்காரர்தான். லினக்ஸ்ல விளையாடுற எங்க கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டு, அக்கா. ஓட வெச்சவன், எப்படி ஓட வெச்சேன்னு அடுத்தவனுக்கு எழுதி வெக்கணும். அவர் எழுதின குறிப்பைப் பாத்துத்தான் இன்னிக்கும் எல்லாரும் ஓட வெக்கிறோம். இந்தாங்க, பாருங்க."

பார்த்தாள். எழுதியவர்: முர்ஜோவின் அப்பா, ருசே நகரம். தேதி: ஐந்து வருஷத்துக்கு முன், மார்ச் 9.

முர்ஜோ அவர்கள் வீட்டு நாய். மார்ச் 9, லினக்ஸ் போட்ட மூன்றாம் நாள்.

தலைவலி என்று சொல்லிவிட்டு ரலிட்சா சீக்கிரமே கிளம்பினாள். வழியெல்லாம் மனசு கொதித்தது. தினமும் எதிரில் உட்கார்ந்து சூப்பைக் குடித்துக் கொண்டே காதில் பூ சுற்றியிருக்கிறான். வர்னா பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட யோசித்தாயிற்று.

வெலிசார் சமையலறையில் மிளகாய் வாட்டிக் கொண்டிருந்தான்.

"முர்ஜோவோட அப்பா" என்று கூப்பிட்டாள்.

அவன் திரும்பினான். "யார் சொன்னா?"

"வடகோட்டை ஓடுது இல்ல?"

"ஓடுது."

"மூணாம் நாளே ஓட வெச்சுட்ட."

"ஆமா."

"எனக்குத் தெரியாம எத்தனை நாள் விளையாடின? மறைக்காம சொல்லு வெலியோ. பையைக் கட்டணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியணும்."

அவன் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்க் கணினியைத் திறந்தான். யார் எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்று விளையாட்டு நிறுவனமே கணக்கு வைக்கும் பக்கத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தான். அதைத் திருத்த யாராலும் முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

லினக்ஸில் ஆடிய நேரம்: 4 நிமிடம். கடைசியாக ஆடிய நாள்: மார்ச் 9. வருஷம், அதே வருஷம்.

ரலிட்சா இரண்டு தடவை படித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"அதுக்கு எழுதி வேற வெச்சியா?"

"ஓட வெச்சவன் எழுதணும்ல. மூடினப்புறம்தான் எழுதினேன்."

"அப்ப தினம் லினக்ஸைத் திட்டினதெல்லாம்?"

"பாவம் அது. என்கிட்ட அநியாயமாத் திட்டு வாங்குது."

"நாலு நிமிஷத்துல ஏன் மூடின?"

வெலிசார் நாயின் தலையைத் தடவியபடி சொன்னான்:

"கோட்டைக் கதவு திறந்துச்சு. அப்ப பக்கத்து ரூம்ல நீ போன்ல உங்க அம்மாகிட்ட, 'இனிமே அது ஓடாதும்மா, மூணு நாளாத்தான் நான் தூங்குறேன்'னு சொல்லிட்டிருந்த. அன்னியிலேருந்து நம்ம வீட்டுல அது ஓடாது, ரலி."