பேக்கரி என்ன பெறும்?

“தம்பிக்கு என்ன சம்பளம்?” மாப்பிள்ளை பார்க்க வீட்டுக்கு அழைத்திருந்த பேக்கரி முதலாளி, எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

“இப்போதைக்கு சுமார்தான் சார். கம்பெனிகளுக்கு மதிப்புப் போடுற வேலை. நாளைக்கு ஒரு புது கிளையன்ட் வர்றாராம். அவர் கையெழுத்துப் போட்டா எனக்குச் சம்பளம் ரெட்டிப்பு.”

“பொண்ணு வெளியூர்ல படிக்குது. பேக்கரி மொத்தமும் அவளுக்குத்தான். என்ன பெறும்னு போட்டுச் சொல்லுங்களேன். உங்க திறமையைப் பார்த்த மாதிரியும் இருக்கும்.”

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பு, வேன், மூன்று வருட லாபம், கடையின் நல்ல பெயர் என்று ஒன்றுவிடாமல் அலசி, எட்டுப் பக்க அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். “புது கிளையன்ட் கழண்டுக்கிட்டார்ப்பா. எவனோ ஓசியிலேயே போட்டுக் கொடுத்துட்டானாம்.”

“யார் சார் அந்தக் கிளையன்ட்?”

“ஒரு பேக்கரிக்காரர்.”

“அவருக்கு... ஒரு பொண்ணு இருக்குல்ல சார்?”

“பொண்ணா? ரெண்டும் பசங்க. ஆனா நம்ம ஃபீஸைக் கேட்டதுமே, ‘உங்க ஆபீஸ்ல கல்யாணமாகாத பையன் யாராச்சும் இருக்கானா?’ன்னு அக்கறையா விசாரிச்சார். நான்தான் உன் நம்பரை...”

மேனேஜர் பாதியிலேயே நிறுத்தி, அவனை ஏற இறங்கப் பார்த்தார்.