அசைந்தால் அசைந்ததுதான்

“வேணும்னேதான் செஞ்சிருக்கா. அவ அம்மாவ வேலைய விட்டு நிறுத்தினேன்ல, அதுக்குப் பழி வாங்குறா!”

பஞ்சநதம் மேசையைத் தட்டிய தட்டில் பேனா உருண்டு கீழே விழுந்தது. கம்ப்யூட்டர் திரையில் மிதந்துகொண்டிருந்த படம் போய்விட்டது. அறிவுமதி குனிந்து பேனாவை எடுத்து வைத்தாள். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு மாடி அறை, மூன்று கம்ப்யூட்டர். பரணிதரனின் சாஃப்ட்வேர் கம்பெனி அவ்வளவுதான். அவர் முதலாளி, அறிவுமதி புரோகிராமர், மூன்றாவது கம்ப்யூட்டருக்கு இன்னும் ஆள் வரவில்லை.

பஞ்சநதம் ரைஸ் மில் அதிபர். தன் ஆபீஸ் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில், தன் படமும் தன் பெயர் போட்ட அரிசி மூட்டையும் திரையில் மிதந்து வர வேண்டும் என்பது அவர் ஆசை. போன மாதம் அந்த ஸ்கிரீன் சேவரை எழுதியவள் அறிவுமதி.

“என்ன பிரச்சினைன்னு சொல்லுங்கய்யா,” என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார் பரணிதரன்.

“மாப்பிள்ளைய உக்கார வெச்சுக் காட்டுறேன், படம் வரவே இல்ல. மானமே போச்சு! காலையில ஒம்பது மணிக்கு நல்லாத்தான் வருது. பத்து அடிச்சா டப்புனு போயிடும். மதியம் ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் அழகா வரும். ரெண்டுக்கு மறுபடி போச்சு. அப்பறம் சாயந்திரம் ஆறுக்கு மேலதான்.”

“யாராவது மவுஸத் தொட்டிருப்பாங்க…”

“தொடறதுக்கு அங்க யாரு இருக்கா? மெஷின் பழுதாகி மில்ல மூடி நாலு மாசம் ஆச்சு. நான் ஒருத்தன்தான் ஆபீஸ் ரூம்ல போய் உக்காந்துட்டு வரேன்.”

மில் மூடிய கதை அறிவுமதிக்கு நன்றாகத் தெரியும். பி.எஃப். பிடிக்கச் சொல்லி பதினெட்டுப் பேர் மனு கொடுத்தார்கள். மறுவாரம் மெஷின் பழுது என்று சொல்லி பஞ்சநதம் பதினெட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதில் அவள் அம்மா காளியம்மாளும் ஒருத்தி. வயலுக்கு நடுவே அரை மைல் உள்ளே இருக்கும் மில்லுக்கு, சாலையோர கேட்டிலேயே பூட்டு.

மில்லை மூடியது சரிதானா என்று திங்கட்கிழமை தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை. பதினெட்டு வீட்டு அடுப்புகளும் அந்தத் திங்கட்கிழமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

பரணிதரன் புரோகிராமைத் திறந்து மேலும் கீழும் பார்த்தார்.

“அறிவுமதி, மவுஸ் ரெண்டு மூணு புள்ளி நகர்ந்தா கண்டுக்கக் கூடாதுன்னு ஒரு வரி வரணுமே. எங்க?”

“எழுதல சார்.”

“ஸ்கிரீன் சேவர்ல அது பாலபாடம்மா. மறந்துட்டியா?”

“மறக்கல. வேணாம்னுதான் விட்டேன்.”

“பாத்தீங்களா! அவ வாயாலேயே சொல்றா!” பஞ்சநதத்துக்கு வெற்றிச் சிரிப்பே வந்துவிட்டது.

“கீபோர்டுல ஒரு கீ பட்டாலும் சரி, மவுஸ் இம்மி அசைஞ்சாலும் சரி, படம் போயிடும். மவுஸ் தானா அசையாது சார். அசைஞ்சா அசைஞ்சதுதான். அசையாத மாதிரி காட்ட நான் எழுத மாட்டேன்.”

பரணிதரனுக்கு வியர்த்தது. பஞ்சநதம் சொல்லித்தான் ஊரில் நாலு பேர் அவரைத் தேடி வருகிறார்கள். “இப்பவே மாத்திக் குடு. இல்லேன்னா நாளைலேர்ந்து நீ வர வேணாம்.”

“மாத்த மாட்டேன் சார். என் புரோகிராம்ல தப்பு இல்ல. தப்புன்னா ஐயா எழுத்துல குடுக்கட்டும். அத வெச்சு என்னைய அனுப்புங்க.”

“என்ன திமிரு! அம்மாவ மிஞ்சிடுவா போலருக்கே!” பஞ்சநதம் பையிலிருந்து மில் லெட்டர் பேடை உருவினார். “எனக்கென்ன பயமா? சொல்லு, என்ன எழுதணும்?”

“எத்தன நாளா, எந்தெந்த நேரத்துல படம் போகுதுன்னு எழுதுங்க. யாரும் தொடலங்கறதையும் எழுதுங்க.”

அவர் எழுதினார். கோபத்தில் எழுத்து பெரிசு பெரிசாக வந்தது.

“ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் நல்லா வருதுன்னு சொன்னீங்களே, அதையும் போட்டுடுங்க. கம்ப்யூட்டர் எந்த எடத்துல இருக்குன்னும்.”

‘மெஷின் ஹால் சுவரை ஒட்டிய ஆபீஸ் மேசையில்’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, மில் முத்திரையையும் ஓங்கிக் குத்தினார். காகிதம் அவள் முன்னால் வந்து விழுந்தது.

“இந்தா. இனிமே அம்மாவும் பொண்ணும் ஒண்ணா வீட்டுல உக்காந்திருங்க.”

அறிவுமதி ஒரு வரி விடாமல் படித்தாள். போனில் படம் எடுத்தாள். அந்தப் பதினெட்டுப் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“எங்கம்மா ஒங்களுக்கு டீ கொண்டாந்தா அந்த மேசையில வெக்காதுங்க. நீங்க வாங்குற வரைக்கும் கையிலேயே புடிச்சிட்டு நிக்கும். மெஷின் ஓடறப்ப கீழ வெச்சா தளும்பிடும்னு.”

“இப்ப எதுக்கு அந்தக் கதை?”

“மெஷின் ஓடாம அந்த மேசை எப்படிங்க ஆடுது?”