விரலுக்கு அடியில்

அமெரிக்கர்களின் மூதாதையரைத் தேடிக்கொடுக்கும் சென்னை அலுவலகத்தில், இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய வெர்ஜீனியாப் பத்திரிகை ஒன்றில் செண்பகவல்லி அவனைக் கண்டுபிடித்தாள்.

‘சோழமண்டலக் கரையிலிருந்து வந்த என் அடிமை பீட்டர் ஓடிவிட்டான். வளர்த்த காது தோளைத் தொடும். எங்கே கண்டாலும் சங்கிலி போட்டு அனுப்பவும்.’

“நம்மூர்க்காரன். தப்பிச்சிருப்பான், பாரு,” என்றான் பக்கத்து மேசை மரியசூசை.

“தப்பிச்சிருந்தா இந்தம்மா ஏது?” தேடச் சொன்ன பெண்ணின் வம்சப் படிவத்தைக் காட்டினாள். அவள் பீட்டருடைய மகனின் வழிவந்தவள். அந்த மகன், விளம்பரம் வந்த நான்காம் வருஷம், அதே எஜமானின் பண்ணையில் பிறந்திருந்தான்.

செண்பகவல்லி படிவத்தில் மகன் பிறந்த அந்த வரியை விரலால் மறைத்தாள். விரல் இருக்கும்வரை பீட்டர் ஓடிக்கொண்டிருந்தான்.

மேலாளர் பின்னால் வந்து நின்றார். “என்னம்மா, ஆள் கிடைச்சாச்சா?”